கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் விறகு தீர்கிறது
(கேள்வி – பதில் பகுதி)

''எங்களுக்குச் சொந்தமாகக் கரும்பாலை இருக்கிறது. ஒரு கொப்பரைக்கு 600 கிலோ சாறு ஊற்றுகிறோம். 18 பிரிக்ஸ் இருக்கிறது. முன்பெல்லாம் சக்கையே போதும். இப்போது சக்கையோடு ஒரு கொப்பரைக்கு 150 கிலோ சீமைக்கருவேல் விறகும் எரிகிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகன் ஒரு வெப்பமானி வாங்கி வந்து பாகில் வைத்துப் பார்த்தான். அரை மணி நேரத்துக்குள் 100 டிகிரி வந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு தீ போட்டாலும் முள் நகரவே இல்லை. காய்ச்சுகிற அண்ணன் 'தீ பத்தலை' என்று மேலும் விறகு தள்ளச் சொல்கிறார். அந்த விறகெல்லாம் எங்கே போகிறது? விறகு வாங்கிக் கட்டுப்படி ஆகாமல், ஆலையை நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு முதல் கரும்பை அப்படியே விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வழி சொல்லுங்கள்.''
– வாசகர், கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.

வெப்பமானியைக் கொப்பரையில் வைத்துப் பார்த்த உங்கள் மகனுக்கு முதலில் ஒரு பாராட்டு. முள் நகராமல் நின்றதைப் பார்த்து வெப்பமானி பழுது என்று தூக்கிப் போடாமல், ஏன் என்று கேட்டிருக்கிறீர்களே, விறகுச் செலவுக்கான பதில் அந்த நின்றுபோன முள்ளில்தான் இருக்கிறது.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்தை ஒரு கிலோ கலோரி என்பார்கள். இந்தப் பதிலில் அதை 'அலகு' என்றே சுருக்கிச் சொல்கிறேன். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 அலகு போதும். ஆனால், கொதித்துக்கொண்டிருக்கும் அதே ஒரு கிலோ தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 அலகு வேண்டும். இந்த 540 அலகும் உள்ளே போகும்போது வெப்பமானி ஒரு டிகிரிகூட ஏறாது. தண்ணீரைத் திரவ நிலையிலிருந்து பிரித்து ஆவியாக வெளியே அனுப்புவதற்கே அவ்வளவும் செலவாகிவிடுகிறது. பாடப் புத்தகத்தில் 'உள்ளுறை வெப்பம்' என்று இருக்கும். உங்கள் மகனுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். கொப்பரையில் நடப்பதும் அதுதான் என்று சொல்லுங்கள். (அவர் பாடத்தில் கிலோ ஜூல் கணக்கு இருந்தால், நம் அலகை 4.2-ஆல் பெருக்கிக்கொள்ளட்டும்.)

இதை முதலில் அளந்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த ஜோசப் பிளாக். 1760-களில், ஒரு தகரப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை அடுப்பில் வைத்து, கொதி வர எத்தனை நிமிடம், வற்றிப்போக எத்தனை நிமிடம் என்று பார்த்தார். கொதி வர 4 நிமிடம், வற்ற 20 நிமிடம். தீ ஒன்றேதான். இதை உங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து நீங்களும் செய்து பார்க்கலாம்.

இப்போது உங்கள் கொப்பரைக்கு வருவோம். 600 கிலோ சாறு, 18 பிரிக்ஸ். அதாவது 100 கிலோ சாற்றில் 18 கிலோ சர்க்கரைச் சத்து. 600 கிலோவுக்கு 108 கிலோ. வெல்லத்தில் கொஞ்சம் ஈரம் தங்கும் என்பதால் சுமார் 115 கிலோ வெல்லம் என்று வைத்துக்கொள்வோம். (நுரையோடு அள்ளி எறியும் அழுக்கில் சில கிலோ போகும், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) மீதி 485 கிலோ தண்ணீர் ஆவியாகியே தீர வேண்டும். சும்மா இல்லை, கிட்டத்தட்ட அரை டன் தண்ணீர்!

சாற்றைச் சூடேற்றும் வேலை முதலில். சர்க்கரை கலந்த சாறு தண்ணீரைவிடக் கொஞ்சம் சுலபமாகச் சூடேறும். கிலோவுக்கு ஒன்றுக்குப் பதில் 0.9 அலகு போதும். 600 × 0.9 × 70 = 37,800 அலகு.

அடுத்து, தண்ணீரை ஆவியாக்கும் வேலை. 485 × 540 = 2,61,900 அலகு.

கடைசியாக, கெட்டியான பாகை 100-லிருந்து 118 டிகிரி பதத்துக்கு ஏற்றுவது. பாகின் எடை 120 கிலோ, கிலோவுக்கு அரை அலகு, 18 டிகிரி. பெருக்கினால் 1,080 அலகு. ஒன்றுமே இல்லை.

மொத்தம் சுமார் 3 லட்சம் அலகு. அதில் சாறு கொதி வருவதற்குள் செலவாவது எட்டில் ஒரு பங்கு. ஏறக்குறைய மீதி முழுவதும் முள் நகராமல் நிற்கும் நேரத்தில்தான் செலவாகிறது. 'கொதி வந்தாச்சு, இனி வேலை முடிஞ்ச மாதிரி' என்று நினைக்கும் நேரத்தில் உண்மையில் வேலை ஆரம்பமே ஆகியிருக்காது.

இன்னொரு விஷயத்தையும் மகனைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சாறு 18 பிரிக்ஸிலிருந்து 60 பிரிக்ஸ் வரும்வரை வெப்பமானி மூன்று டிகிரி போல்தான் ஏறும். ஆனால், அதற்குள் 485-ல் 420 கிலோ தண்ணீர் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் முள் வேகமாக ஓட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் தீயைக் குறைக்க வேண்டும். மிச்சம் இருப்பது 65 கிலோ தண்ணீர் மட்டுமே. அங்கேயும் முன்பு போலவே விறகைத் தள்ளினால் பாகு அடிப்பிடிக்கும், வெல்லம் கறுக்கும், மண்டியில் விலை குறையும். விறகும் வீண், வெல்லமும் வீண்.

காய்ச்சுகிற அண்ணன் சொல்வதில் பாதி சரி. தீயைக் கூட்டினால் வெப்பநிலை ஏறாது. ஆனால் நிமிடத்துக்கு இத்தனை கிலோ என்று தண்ணீர் போகும் வேகம் கூடும். நடுவில் தீ தணிந்து மணிக்கணக்கில் சாறு மெதுவாகக் கிடந்தால் சர்க்கரை உடைந்து, வெல்லம் இளகலாகவும் கறுப்பாகவும் வரும். அதனால் அவரோடு சண்டை போட வேண்டாம். ஆனால், புகைபோக்கி உச்சியில் தீ நாக்கு தெரிகிற அளவுக்குத் தள்ளினால், அந்தத் தீ கொப்பரைக்கு இல்லை, வானத்துக்கு.

அடுப்பின் வரவு என்ன என்று பார்ப்போம். 600 கிலோ சாறு என்றால் ஏறக்குறைய ஒரு டன் கரும்பு. பச்சைச் சக்கை 400 கிலோ கிடைக்கும். அது நன்றாகக் காய்ந்தால் 200 கிலோவாகச் சுருங்கிவிடும். காய்ந்த சக்கை கிலோவுக்குச் சுமார் 3,800 அலகு கொடுக்கும். ஆக 7,60,000 அலகு. நீங்கள் சக்கையை எப்படிக் காய வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால், போர் போட்டு வைத்த சக்கை மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பது பல ஆலைகளில் நான் பார்த்தது. உங்கள் சக்கையில் 80 கிலோ ஈரம் தங்கியிருந்தால், அந்த 80 கிலோவும் அடுப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாக வேண்டும். மேலே பார்த்த அதே கணக்குதான். கிலோவுக்கு 70 + 540 = 610. 80 × 610 = 48,800 அலகு. கொப்பரையில் காய்ச்ச வேண்டிய நெருப்பு, சக்கையில் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. அதோடு அடுப்பும் குளிர்ந்து, சக்கை முழுக்க எரியாமல் கறுப்புப் புகையாகப் போகும்.

விறகு 150 கிலோ. கிலோவுக்கு 3,300 வைத்தால் 4,95,000 அலகு. ஈரத்துக்குப் போனதைக் கழித்து, சக்கையையும் விறகையும் கூட்டினால் சுமார் 12 லட்சம் அலகு எரிக்கிறீர்கள். கொப்பரைக்குத் தேவை 3 லட்சம். நான்கில் ஒரு பங்குதான் பாகுக்குப் போய்ச் சேருகிறது. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான். நான்கு கட்டு விறகில் மூன்று கட்டு புகைபோக்கி வழியாகவும், அடுப்புச் சுவர் வழியாகவும், எரியாத கரியாகவும் போகிறது. ஒற்றைக் கொப்பரை அடுப்பு என்றால் இது அதிசயம் இல்லை; பல இடங்களில் இதுதான் நிலைமை.

இந்த விகிதத்தில் பார்த்தால் ஒரு சின்னக் கணக்கு கைக்கு வரும். கொப்பரைக்குள் தேவையில்லாமல் சேரும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் விரட்ட 610 அலகு. அடுப்பில் அதைப் போல் நான்கு மடங்கு எரிக்க வேண்டும் என்பதால் 2,440 அலகு. அதாவது, லிட்டருக்கு முக்கால் கிலோ விறகு. இதைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

சாறு பிழியும் இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் சாற்றுத் தொட்டியில் சேர்கிறதா? அழுக்கு எடுக்க வெண்டைத் தண்டைக் கசக்கி ஊற்றும்போது எத்தனை வாளி தண்ணீர்? இரண்டும் சேர்ந்து 20 லிட்டர் என்றால் அங்கே 15 கிலோ விறகு போச்சு. வெண்டைச் சாற்றை விட வேண்டாம், அது நல்ல பழக்கம். ஆனால், அதைத் தண்ணீரில் கசக்காமல், தொட்டியில் இருக்கும் கரும்புச் சாற்றிலேயே கசக்கலாமே.

இதைவிடப் பெரிய சேமிப்பு வயலில் இருக்கிறது. 18 பிரிக்ஸ் சாறு 20 பிரிக்ஸாக இருந்தால், அதே 108 கிலோ சர்க்கரைச் சத்துக்கு 540 கிலோ சாறு போதும். 60 கிலோ தண்ணீர் குறைகிறது. 60 × முக்கால் = 45 கிலோ விறகு. அறுப்புக்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே பாசனத்தை நிறுத்துவது, நுனியும் அடியும் ஒரே அளவு பிரிக்ஸ் காட்டும்வரை காத்திருப்பது, நுனிக் கரணையை ஒழுங்காகக் கழிப்பது எல்லாம் வெல்லத்தின் தரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அது விறகுக் கணக்கும்கூட. ஆள் கிடைத்தது என்பதற்காகத் தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே அறுத்தால், அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றி, விறகு போட்டு இறக்குகிறோம் என்று அர்த்தம்.

புகைபோக்கிக்குப் போகும் வழியில், கொப்பரைக்கு அடுத்து, இன்னொரு தட்டையான கொப்பரையை உட்கார வையுங்கள். வெளியே போகும் சூட்டிலேயே அடுத்த ஈட்டுச் சாறு 75 டிகிரி வரை ஏறிவிட்டால் 600 × 0.9 × 45 = 24,300 அலகு மிச்சம். விறகில் 30 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கொத்தனாரையும் ஒரு தகரக் கொப்பரையையும் தவிர பெரிய செலவு இல்லை. ஒரே எச்சரிக்கை. சாறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் புளித்துவிடும். முதல் கொப்பரை கொதிக்கும் நேரத்தில் மட்டும் அதில் சாறு இருக்கட்டும். சும்மா இருக்கும் நேரத்தில் காலியாக இருக்கட்டும்.

சக்கையை மெல்லியதாகப் பரப்பி, ஒருமுறை புரட்டி, மழைக்கு முன் கூரைக்குள் கொண்டுவந்தால் இன்னொரு 15 கிலோ. கொப்பரையின் அடியில் படிந்த கரியைச் சுரண்டுவது, அடுப்பு வெடிப்பை மண் பூசி அடைப்பது, சாம்பல் விழுந்து கீழிருந்து காற்று வர இரும்புக் கிராதி வைப்பது, சக்கையை அள்ளித் திணிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது... இவற்றுக்கு என்னால் கிலோ கணக்கு சொல்ல முடியாது. ஆனால் செய்தவர்கள் யாரும் விட்டதில்லை.

எல்லாம் கூட்டினால் காகிதத்தில் 100 கிலோவுக்கு மேல் வருகிறது. அடுப்பில் 70 கிலோ குறைந்தாலே விறகுச் செலவு பாதிக்கு வந்துவிடும். விறகே இல்லாமல் சக்கையில் மட்டும் ஓட்ட வேண்டுமானால் எரிப்பதில் 40 சதவிகிதம் கொப்பரைக்குப் போக வேண்டும். ஒற்றைக் கொப்பரை அடுப்பில் அதை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு, மூன்று கொப்பரைகள் வரிசையாக உள்ள மேம்படுத்திய அடுப்புகள்தான் அதற்கு வழி. லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இந்த வகை அடுப்புகளில் வேலை செய்திருக்கிறது. முதலீடு கேட்கும் விஷயம் என்பதால் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையில் நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆலையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டில்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், நிறுத்தும் முன் ஒரே ஒரு கொப்பரைக்குச் சாறு, சக்கை, விறகு, இறக்கிய வெல்லம் நான்கையும் தராசில் எடை போட்டு எழுதுங்கள். 150 கிலோ விறகு என்பது உங்கள் மதிப்பீடா, எடை போட்டதா என்று கடிதத்தில் தெரியவில்லை. எடை போட்ட கணக்கை அனுப்பினால், அடுத்த இதழ்களில் ஒன்றில் சேர்ந்தே பார்ப்போம்.

''கரும்பு வெல்லத்தைவிட கருப்பட்டிக்கு எரிபொருள் அதிகம் பிடிக்கிறது என்கிறார்களே, உண்மையா?''
– வாசகி, உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம்.

உண்மைதான் அம்மா. பதநீர் கரும்புச் சாற்றைவிட நீர்த்தது. 100 கிலோ பதநீரில் 12 கிலோ கருப்பட்டி கிடைக்கிறது என்று வைத்தால், 88 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். சூடேற்றுவதையும் சேர்த்துச் சுமார் 54,000 அலகு. அதாவது, ஒரு கிலோ கருப்பட்டிக்கு 4,500. மேலே உள்ள கணக்கில் ஒரு கிலோ வெல்லத்துக்கு 2,600 அலகுதான். அதோடு கரும்பாலைக்காரருக்குச் சக்கை சும்மா கிடைக்கிறது. பனையில் ஏறி இறக்கியவருக்கு ஓலையும் சுள்ளியும் தேடிச் சேர்த்தால்தான் உண்டு. கருப்பட்டி என்ற பெயரில் மிக மலிவாக ஒன்று விற்றால் சந்தேகப்படுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

''காலையில் கறக்கும் 40 லிட்டர் பாலை இரண்டு மணி நேரப் பயணத்தில் நகரத்துக்கு எடுத்துப்போய் நேரடியாக விற்கிறேன். கோடையில் இரண்டு முறை பால் திரிந்துபோய் வாடிக்கையாளர்களை இழந்தேன். எத்தனை கிலோ ஐஸ் வைக்க வேண்டும்? பாலுக்குள்ளேயே ஐஸ் போடலாமா?''
– வாசகர், உத்திரமேரூர், காஞ்சிபுரம் மாவட்டம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். போடவே கூடாது. உருகிய ஐஸ் தண்ணீர்தான். 40 லிட்டரில் 10 லிட்டர் தண்ணீர் கலந்தால் அது கலப்படம். ஐஸ் கட்டி செய்த தண்ணீர் எது என்பதும் நமக்குத் தெரியாது.

கறந்த பால் 35 டிகிரியில் இருக்கும். அதை 10 டிகிரிக்கு இறக்க, 40 கிலோ × 0.93 × 25 = 930 அலகு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போதே 80 அலகை உறிஞ்சிக்கொள்ளும். உருகிய தண்ணீர் 10 டிகிரி வரை சூடேற இன்னொரு 10. ஆக 90. 930-ஐ 90-ஆல் வகுத்தால் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஐஸ் இல்லாமல் வெறும் சில்லென்ற தண்ணீரிலேயே இறக்க நினைத்தால், அது பூஜ்ஜியம் டிகிரியில் இருந்தாலும் கிலோவுக்கு 10 அலகுதான்; 93 லிட்டர் வேண்டும்! உருகுவதில்தான் ஐஸின் பலமே இருக்கிறது.

கேனைச் சுற்றி ஊற்றும் 20 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால், அதையும் குளிரவைக்க 360 அலகு, அதாவது இன்னொரு 4 கிலோ ஐஸ். வழியில் வெயிலுக்குப் போவதையும் சேர்த்து 16 முதல் 18 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஐஸை உடைத்துப் போட்டு, அதில் தண்ணீரும் ஊற்ற வேண்டும். வெறும் கட்டிகள் கேனில் அங்கங்கேதான் தொடும். முதல் அரை மணி நேரம், சுத்தமான எவர்சில்வர் கலக்கியால் பாலை அவ்வப்போது கிளறுங்கள். இல்லையென்றால் ஓரம் குளிர்ந்து நடுப்பால் வெதுவெதுப்பாகவே இருக்கும். திரிவது அங்கேதான் ஆரம்பிக்கும். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, மேலே ஒரு மூடி.

வண்டி கிளம்பும்போது குளிரவைக்கத் தொடங்காமல், கறந்து வடிகட்டிய உடனே கேனை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். கிளம்பும் முன் வெப்பமானியைக் கேனின் நடுவில் விட்டு, 10 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.